ஓராண்டின் வரவேடு

ஆண்டு முடிந்தால் வணிகர் பேரேட்டை மூடிக் கணக்குப் பார்க்கிறார். உழவர் களத்துமேட்டில் நின்று, விதைத்தது எவ்வளவு, விளைந்தது எவ்வளவு என்று மூட்டைகளை எண்ணுகிறார். மதரஸாவில் பணியாற்றும் எங்களுக்கும் ஷஅபான் மாதம் வந்துவிட்டால், மாணவர்களுக்குத் தேர்வு வைத்து அவர்கள் கற்றதைக் கணக்கெடுக்கும் வேலை உண்டு. ஆனால் அந்த ஓராண்டில் நாம் என்ன வாசித்தோம், ஓய்வு நேரத்தை எதற்குக் கொடுத்தோம், முன்பு அறியாத எதனைப் புதிதாக அறிந்துகொண்டோம் என்ற கணக்கை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

அப்படியொரு கணக்கைப் பார்க்கும் எண்ணத்தோடு ஹிஜ்ரி 1446ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். நம் பகுதியில் அவ்வாண்டு 2024 ஜூலை 8ஆம் நாள் பிறந்து 2025 ஜூன் 26ஆம் நாள் நிறைவுற்றது. ஆக 354 நாட்கள். இஷாத் தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் வாசிப்பது; வெள்ளிக்கிழமை விடுமுறையில் இயன்றபோதெல்லாம் ஏதேனும் ஒன்றை நேரில் சென்று காண்பது; வாசித்ததையும் கண்டதையும் அன்றன்றே ஏட்டில் குறித்து வைப்பது. இவ்வளவுதான் நான் வகுத்துக்கொண்ட முறை.

ஆண்டு முடிவில் ஏட்டைப் புரட்டியபோது ஓர் உண்மை தெளிவாகத் தெரிந்தது. தனியே அமர்ந்து வாசித்த நூல்கள், தலைப்பும் இரண்டொரு வரியுமாகவே அதில் நின்றிருந்தன. பிறரோடு சேர்ந்து வாசித்தவையும், பிறருக்குப் படித்துக் காட்டியவையும், பிறரை அழைத்துச் சென்று கண்டவையும் பக்கம் பக்கமாக விரிந்திருந்தன. அந்தப் பக்கங்களிலிருந்து சிலவற்றை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அரபு நாட்டில் பாய்ந்த ஆறு

சீறாப்புராணத்தின் பெயரை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. நூலை விரித்துப் படித்த இல்லங்கள் எத்தனை என்பது வேறு கேள்வி. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப் புலவர், வள்ளல் சீதக்காதியின் ஆதரவோடு தொடங்கிய காப்பியம் அது. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் மூன்று பெரும் பிரிவுகளில் 5027 பாடல்களைக் கொண்டது. கல்லூரி நாட்களில் ஒரு சில பாடல்களோடு நின்றுபோன அந்நூலை முதலிலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் முதற்காண்டத்தை நிறைவு செய்தேன்.

அதன் நாட்டுப் படலம் வாசிப்பவரை வியப்பில் ஆழ்த்தும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறந்த அரபு நாட்டை வருணிக்க வந்த புலவர், மணல் வெளியையும் ஒட்டகங்களையும் முன்னிறுத்தவில்லை. மேகம் கடல்நீரை முகந்து மலையிலே பொழிகிறது; வெள்ளம் பெருகி நிலங்களைக் கடந்து மருதத்தில் இறங்குகிறது; உழவும் நடவும் அறுவடையும் வரிசையாக நடைபெறுகின்றன. உமறுப் புலவர் வாழ்ந்த எட்டயபுரமோ கரிசல் சீமை. அங்கே ஆற்றுப் பாசனமும் இல்லை. முப்போக நெல்லும் இல்லை. பின் எங்கிருந்து வந்தது இந்தத் தண்ணீர்?

விடை நம் சோழநாட்டில்தான் இருக்கிறது. மயிலாடுதுறைக்கு அருகேயுள்ள தேரழுந்தூரில் பிறந்தவர் கம்பர். அவர் கோசல நாட்டைப் பாடியபோது காவிரி நாட்டின் வளத்தையே அதற்கு அணிவித்தார். ஒரு நாட்டைப் போற்ற வேண்டுமானால் அதற்கு நீரும் நெல்லும் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்ப் புலவர் மரபாயிற்று. அந்த மரபில் நின்ற உமறுப் புலவர், தம் உள்ளத்துக்கு உகந்த நாட்டுக்கும் அதனையே வழங்கினார்.

இதனை நான் தெளிவாக உணர்ந்தது உரை நூல்களால் அன்று. எங்கள் மதரஸாவை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் முதியவர் ஒருவர், மாலை வேளைகளில் திண்ணையில் வந்து சற்று இளைப்பாறுவார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஒருநாள் அவருக்கு அந்தப் பாடல்களைப் படித்துப் பொருள் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "இது எந்த ஊரு பாய்?" என்றார். "மக்கா இருக்கிற அரபு நாடு" என்றேன். சிறிது நேரம் யோசித்தவர் சொன்னார்: "அங்க ஏது பாய் இம்புட்டுத் தண்ணி? பெரியவங்க வீட்டுக்குப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாதுன்னு, பாட்டுக் கட்டினவரு நம்ம தண்ணியைக் கொண்டுபோயிக் கொடுத்திருக்காரு."

அவர் சொன்னதை அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் படலத்துக்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஓராண்டில் இருமுறை திறந்த அணை

ஆற்றில் தண்ணீர் வரும் நாளைக் குறித்து வைக்கும் பழக்கத்தையும் அந்த முதியவரிடமிருந்தே கற்றேன். அவர் அதனை நினைவில் வைத்திருக்கிறார். நான் ஏட்டில் எழுதினேன்.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் 120 அடி. குறுவைப் பாசனத்துக்காக ஜூன் 12ஆம் நாள் திறக்க வேண்டும் என்பது வழக்கம். அங்கிருந்து வரும் நீரைக் கல்லணை வாங்கிக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கிட்டு அனுப்புகிறது. மிகும் வெள்ளம் கொள்ளிடத்தில் போகிறது. தஞ்சை மக்கள் கல்லணைக் கால்வாயை இன்றும் 'புது ஆறு' என்றே அழைக்கின்றனர்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அணையில் போதிய நீர் இல்லை. குறித்த நாளில் மதகுகள் திறக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் குறுவை நட்டார்கள். ஆற்றை நம்பியவர்கள் வானத்தைப் பார்த்திருந்தார்கள். பின்னர்க் காவிரியின் தலைப்பகுதியில் பெருமழை கொட்டியது. ஜூலை 28ஆம் நாள் அணை திறக்கப்பட்டது. இரண்டே நாளில், ஜூலை 30ஆம் நாள், நீர்மட்டம் 120 அடியை எட்டியது. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் இடையே ஒரு சில வாரங்களே இருந்தன. நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலையொட்டிப் பெய்த மழையால் கடைமடைப் பகுதியின் சம்பா வயல்களில் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீர் வராதா என்று ஏங்கியவர்கள், தண்ணீர் வடியாதா என்று ஏங்கினார்கள்.

2025இல் வழக்கமான ஜூன் 12ஆம் நாளிலேயே அணை திறக்கப்பட்டது. அதனைக் குறிக்கும்போதுதான் ஒன்றைக் கண்டேன். என் ஏட்டில் ஆங்கிலத் தேதிக்கு அருகே பிறைத் தேதியையும் எழுதுவது வழக்கம். முதல் திறப்பு முஹர்ரம் 21. இரண்டாம் திறப்பு துல்ஹஜ் 15. இரண்டுமே ஹிஜ்ரி 1446க்குள் அடங்கிவிட்டன! ஒரே ஆண்டில் மேட்டூர் அணை பாசனத்துக்கு இருமுறை திறக்கப்பட்டிருக்கிறது.

மறுநாள் மாணவர்களிடம் இதைச் சொல்லிக் காரணம் கேட்டேன். கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். பிறையாண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. ஆகவே 33 சூரிய ஆண்டுகள் ஏறக்குறைய 34 பிறையாண்டுகளுக்குச் சமம். இதனால்தான் ரமளான் ஒரு பருவத்தில் நில்லாமல் கோடையிலும் மாரியிலும் பனியிலும் மாறி மாறி வருகிறது. சம்பா நடவில் நோன்பு நோற்ற உழவர், சில ஆண்டுகள் கழித்துக் கோடை உழவில் நோன்பு நோற்கிறார். பாடநூலில் படித்தால் மறந்துபோகும் இந்தக் கணக்கு, தம் ஊர் ஆற்றோடு சேர்ந்து வந்ததால் அந்தச் சிறுவர்கள் மனத்தில் தங்கிவிட்டது.

வடுவூர் ஏரியில் ஒரு வகுப்பு

ஆற்று நீர் ஏரிக்குச் சென்றது. அதன் பின்னே நாங்களும் சென்றோம். அதற்குக் காரணம் ஒரு நூல். பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896 – 1987) எழுதிய 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ' என்னும் தன்வரலாறு, 1985இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இந்தியப் பறவைகளைப் பற்றிய அறிவுக்கு அடித்தளமிட்ட அப்பெரியாரின் வாழ்க்கை, ஒரு முஸ்லிம் வீட்டுச் சிறுவனின் ஐயத்தில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

சிறுவனாக இருந்தபோது அவர் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது வழக்கமான ஊர்க்குருவி இல்லையே, இதனை உண்பது ஹலால் ஆகுமா என்ற ஐயம் எழுந்தது. மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் காட்டினார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே மில்லார்ட் என்ற ஆங்கிலேயர், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அன்று திறந்த இழுப்பறை அவர் வாழ்நாளெல்லாம் மூடவில்லை. நம் டெல்டாக் கடற்கரையிலுள்ள கோடியக்கரையில் வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராயும் பணி அவர் தலைமையில் நடந்தது என்பது நமக்கு மேலும் ஒரு பெருமை.

மாணவர்களுக்கு இக்கதையைச் சொன்ன வாரத்திலேயே, "நாமும் பார்க்கலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்கள். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பத்து மாணவர்களோடு காலையில் பேருந்தேறி வடுவூர் சென்றேன். தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே உள்ள அந்த ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் அதனை நிரப்புகின்றன. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஒரே ஒரு பைனாகுலர் பத்துக் கைகளில் மாறி மாறிச் சென்றது.

கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கண்டோம். மாணவர்களை மிகவும் கவர்ந்தது நத்தைக்குத்தி நாரை. அதன் மேலலகும் கீழலகும் நுனியில் சேர்கின்றன. நடுவில் இடைவெளி விட்டிருக்கிறது. "வாயை மூடவே முடியாதா?" என்று இளைய மாணவன் கவலையோடு கேட்டான். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இல்லை. வளர வளர ஏற்படுகிறது. வழுக்கும் நத்தையைப் பிடிக்க அது உதவுகிறது என்று நூலில் படித்ததைச் சொன்னேன். நத்தை இளநாற்றைத் தின்கிறது. நாரை நத்தையைத் தின்கிறது. வயலில் தினமும் கண்டும் கவனியாத கொக்கு நாரைகள் உழவருக்குக் கூலி வாங்காத வேலையாட்கள் என்பதை அன்று புரிந்துகொண்டார்கள். வானில் சிறகு விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்த்துச் சிந்திக்கத் தூண்டும் திருமறை வசனத்தை அவர்கள் முன்பே மனனம் செய்திருந்தார்கள். அந்த ஏரிக்கரையில், கேட்காமலேயே, ஒருவன் அதனை ஓதினான்.

நாகூரில் தெரிந்த ஒரு தொடர்பு

இல்லத்தில் நடந்த வாசிப்புக்கு வருகிறேன். நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833 – 1908) நாகூர்ப் புராணம், நாகூர்க் கலம்பகம் முதலிய நூல்களை இயற்றிய பெரும்புலவர். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவான். சைவத் தமிழின் பெருந்தூண். நாகூர் முஸ்லிம் ஒருவர் அவரிடம் பாடம் கேட்டார் என்பதை, வேற்றுமை பேசுவோர் மிகுந்த இக்காலத்தில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதே ஆசிரியரின் மற்றொரு மாணவர், பாபநாசத்துக்கு அருகேயுள்ள உத்தமதானபுரத்தில் பிறந்த உ.வே. சாமிநாதையர்.

ஆண்டுகள் கடந்தன. 1938இல் நாகூரிலிருந்து 'காதலா? கடமையா?' என்றொரு நாவல் வெளிவந்தது. எழுதியவர் சித்தி ஜுனைதா பேகம். 1917இல் பிறந்தவர், அப்போது இருபத்தொரு வயது. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிற்று. முஸ்லிம் பெண்மணி ஒருவர் தம் பெயரில் நாவல் வெளியிடுவதை ஊர் எளிதில் ஏற்றுக்கொள்ளாத காலம் அது. அந்நூலுக்குப் பாராட்டுரை வழங்கியவர் முதுபெரும் அறிஞரான உ.வே. சாமிநாதையர். நாகூர் நாவலருக்கும் தமக்கும் ஆசிரியராயிருந்தவர் மறைந்து அறுபத்திரண்டு ஆண்டுகள் கடந்த பின், அதே நாகூரின் இளம்பெண்ணுக்கு அவர் ஊக்கமளித்தார்.

இந்த நாவலின் நகலொன்றை நண்பர் வழியாகப் பெற்றேன். என் துணைவியார் படிக்க, நானும் பிள்ளைகளும் கேட்டோம். இடையிடையே படிப்பதை நிறுத்திவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்: "மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு இவ்வளவு தமிழ் எங்கிருந்து வந்தது?" வீட்டில் இருந்த நூல்களிலிருந்தும் வீட்டாரின் பேச்சிலிருந்தும் வந்தது என்பதே என் விடை. பள்ளிக்கூடக் கதவு அடைபட்டிருந்த காலத்திலும் நம் இல்லங்களுக்குள் ஒரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. அதன் மற்றொரு மாணவியை எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

கைநாட்டு வைத்தவரின் நூல்

என் பெரியம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. வங்கியிலும் ரேஷன் கடையிலும் கைநாட்டு வைப்பவர். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆகையால் படிப்பறிவு இல்லாதவர் என்று எல்லாப் பதிவேடுகளும் சொல்லும். அவருடைய தகரப் பெட்டியின் அடியில், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு தடித்த நூல் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 – 1898) அவர்கள் எழுதிய 'பத்ஹுத் தய்யான்'. தொழுகை, நோன்பு, ஜகாத் முதலிய மார்க்கச் சட்டங்களை விளக்கும் உரைநடை நூல். எழுத்து அரபு, மொழி தமிழ். பெரியம்மா அதைச் சிறுமியாக இருந்தபோதே முழுவதும் படித்திருக்கிறார்!

அரபுத் தமிழ் என்பது இதுதான். தமிழிலுள்ள ச, ட, ப, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபியில் நேரான எழுத்துக்கள் இல்லை. நம் முன்னோர் அரபு எழுத்துக்களோடு புள்ளிகளைச் சேர்த்துப் புதிய எழுத்துக்களை உண்டாக்கினர். எகர ஒகர ஒலிகளுக்கும் குறிகள் வகுத்தனர். திருக்குர்ஆன் ஓதக் கற்ற எவரும் தம் தாய்மொழியையும் அதே எழுத்தில் படிக்க வழி பிறந்தது. பெரியம்மா, அடுத்த தெருவில் ஓதிக்கொடுத்த ஓர் அம்மையாரிடம் ஓதி முடித்ததும் இதனையும் கற்றாராம். அந்தக் காலத்தில் பல வீடுகளில் பெண்கள் மாலையில் கூடி, ஒருவர் படிக்க மற்றவர் கேட்பார்களாம்.

ஒன்பதாம் வகுப்புப் பயிலும் என் மகளை அவரருகே அமரச் செய்தேன். மகள் முதலில் தயங்கினாள். பெரியம்மா சிரித்தார்: "நீ ஓதுற எழுத்துத்தானே கண்ணு? கூட நாலு புள்ளி வச்சிருக்கு, அம்புட்டுத்தான்." ஒன்பது மாலைகளில் மகள் தட்டுத் தடுமாறிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். பெரியம்மாவின் கண்ணில் புரை விழுந்திருப்பதால் அவரால் எழுத்தைக் காண முடியாது. மகள் படிக்கிறாள், தவறினால் அவர் நினைவிலிருந்து திருத்துகிறார். நான் அதனைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுகிறேன். ஷஅபானில் தொடங்கிய இவ்வேலை ரமளானிலும் தொடர்ந்தது. ஆண்டு முடிவில் அறுபது பக்கங்கள் நிறைந்தன.

இதனால் வேறொரு பொழுதுபோக்கும் வாய்த்தது, சொல் சேகரிப்பு. பெரியம்மா குழம்பை 'ஆணம்' என்பார். காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்பார். பட்டணத்தில் படிக்கும் பிள்ளைகள் இவற்றைக் கொச்சை என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். ஆணம், குழம்பு என்ற பொருளோடு அதில் இருக்கிறது. வடநாட்டு முஸ்லிம்கள் பாரசீகச் சொற்களால் நமாஸ் என்றும் ரோஸா என்றும் வழங்குவதை, நம் முன்னோர் தொழுகை என்றும் நோன்பு என்றும் வழங்கினர். ஈதைப் பெருநாள் என்றனர். மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றனர். எழுத்தை அரபியிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள், சொல்லைத் தமிழிலிருந்தே எடுத்தார்கள்.

எங்கள் தெருவில் அரபுத் தமிழைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள் இப்போது இருவரே. இருவரும் எண்பதைக் கடந்தவர்கள். அவர்களுக்குப் பின் அந்தப் பெட்டியிலுள்ள நூலை யார் படிப்பார்?

பெட்டிக்குள் இருப்பவை

இது நமக்கு மட்டும் உரிய கவலையன்று. மலாய் மக்களுக்கு ஜாவி, கேரளத்தாருக்கு அரபு மலையாளம், ஆப்பிரிக்காவின் பல மொழியினருக்கு அஜமி என்று, அரபு எழுத்தில் தாய்மொழியை எழுதும் மரபு உலகெங்கும் பரவியிருந்தது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் திம்புக்து என்னும் பழைய நகரம் உண்டு. அங்கே நூற்றாண்டுகளாகக் குடும்பங்கள் கையெழுத்து ஏடுகளைத் தம் வீட்டுப் பெட்டிகளில் காத்துவந்தன. 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, ஏடுகளைக் காத்தவர்கள் அவற்றை இரும்புப் பெட்டிகளில் அடுக்கி, சாலை வழியாகவும் நைஜர் ஆற்றில் படகு வழியாகவும் தலைநகர் பமாக்கோவுக்கு மறைத்துக் கொண்டுசென்றார்கள். பின்வாங்கிய குழுவினர் 2013 ஜனவரியில் அங்கே எஞ்சியிருந்த சில ஏடுகளுக்குத் தீ வைத்தார்கள். பெரும்பகுதி முன்பே காப்பாற்றப்பட்டிருந்தது.

நம் ஊரில் போர் இல்லை. தீ வைப்போரும் இல்லை. கரையான் இருக்கிறது, ஒழுகும் ஓட்டுக் கூரை இருக்கிறது. "இதை யார் படிக்கப் போகிறார்கள்?" என்ற ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த வார்த்தையால் பழைய பேப்பர்க் கடைக்குப் போன நூல்கள் உண்டு. அரபு எழுத்தாயிற்றே, காலில் படக் கூடாதே என்ற மரியாதையினால், கிழிந்த குர்ஆன் தாள்களோடு சேர்த்து ஆற்றில் விடப்பட்டவையும் உண்டு. விட்டவர்களின் உள்ளம் தூய்மையானது. ஆயினும் அந்தத் தாள்களில் இருந்தது நம் பாட்டிமாரின் தமிழ் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்கு இவ்வாண்டில் இருமுறை சென்றேன். நாயக்கர் காலத்தில் தோன்றி, இரண்டாம் சரபோஜி மன்னரால் (ஆட்சிக்காலம் 1798 – 1832) வளர்க்கப்பட்டு, 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட நூலகம் அது. சுவடிகளைப் பூச்சியிலிருந்து காக்க அங்கே வழிவழியாகக் கையாளும் முறை, நம் அடுக்களையிலேயே இருக்கிறது. வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, சிறு துணிப் பைகளில் கட்டி ஏடுகளுக்கிடையே வைக்கிறார்கள். மணம் குறைந்ததும் மாற்றிவிடுகிறார்கள். பெரியம்மாவின் பெட்டியிலும் இப்போது அப்படிப்பட்ட ஒரு பை இருக்கிறது.

வாசக நேயர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. வீட்டில் பழைய பெட்டியோ பரணோ இருந்தால் திறந்து பாருங்கள். அரபு எழுத்திலுள்ள எல்லாம் அரபு மொழி என்று எண்ணிவிடாதீர்கள். ஓதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுத்துக் கூட்டிப் பாருங்கள். தமிழாக இருந்தால் நூலின் பெயரையும், யாருடையது, எந்த ஊரில் அச்சானது என்பதையும் ஒரு தாளில் குறித்து அதனோடு வையுங்கள். செல்பேசியில் நாளைக்குப் பத்துப் பக்கம் படமெடுத்தால், முந்நூறு பக்க நூல் ஒரே மாதத்தில் காப்பாற்றப்பட்டுவிடும். பிள்ளைகளின் கையில் எந்நேரமும் இருக்கும் அக்கருவிக்கு இதைவிட நல்ல வேலை கொடுக்க முடியுமா?

படமெடுத்தால் தாள் பிழைக்கும். ஆனால் படிக்கும் நாவும் கேட்கும் செவியும் இருந்தால்தான் நூல் பிழைக்கும். குர்ஆன் ஓதி முடித்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அரபுத் தமிழ் அறிந்த மூத்தவர் சில வீடுகளில் மட்டுமே இருக்கிறார். இவ்விருவரையும் ஒரே பாயில் அமரவைக்க நமக்கு இன்னும் சில ஆண்டுகளே மீதம் உள்ளன. இந்த வாரமே ஒரு மாலையை அதற்கு ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் இன்னும் முந்நூறு பக்கங்களுக்கு மேல் இருக்கின்றன. பெரியம்மா நாள்தோறும் மஃரிபுக்குப் பின் மகளுக்காகக் காத்திருக்கிறார். அவருடைய நினைவையும் நம் முயற்சியையும் வல்ல இறைவன் நீட்டித்துத் தருவானாக!